மறு: காருக்கு சவுண்ட் ப்ரூஃபிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். சில வரிகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மடல் கொஞ்சம் நீளம்தான்.

> சின்ன கார்களில் ரோட்டுச் சத்தத்தைக் குறைக்கச் செய்யும் வேலைக்கு, நம் வாகனக் கையேட்டில் ‘ஒலிபுகாமை’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. ‘புகா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கொஞ்சமும் புகாது என்று அடித்துச் சொல்லும் வடிவம் அது. நீர்புகாக் கடிகாரத்துக்கு அது பொருந்தும். ஒலிப்பதிவு அறைக்கும் ஏறக்குறைய பொருந்தும், ஏனென்றால் அங்கே சுவர் கனமானது, கதவு இறுக மூடும், அறை ஓரிடத்தில் நிற்கும். காரில் இருப்பது மெல்லிய தகரம், ஒற்றைக் கண்ணாடி, பெடலுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் ஒயருக்கும் போட்ட துளைகள். எவ்வளவு செலவு செய்தாலும் சத்தம் குறையுமே தவிர, நிற்காது. ‘ஒலிபுகா’ என்று எழுதினால் அதைப் படித்துவிட்டுக் காசு செலவழிப்பவருக்கு நாம் பொய் சொல்கிறோம்.

> அப்படியானால் ‘ஒலிக்காப்பு’? வெப்பக்காப்பு, மின்காப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றனவே.

முறையாக வந்த சொல்தான். ஆனால் ‘ஒலியைக் காத்து வைத்தல்’ என்று படிக்கவும் அது இடம் தருகிறது. காப்பகம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது. அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் வேறு. வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மூன்று பொருள்களை இந்த ஒரே சொல் மூடிவிடும். கார் அக்சஸரீஸ் கடைகளில் ‘சவுண்ட் ப்ரூஃப் ஷீட்’ என்ற பேரில் எல்லாமே விற்கப்படுவதால்தான், நுரையை ஒட்ட வேண்டிய இடத்தில் தார்த் தாளையும் தார்த் தாளை ஒட்ட வேண்டிய இடத்தில் நுரையையும் ஒட்டிவிட்டு “ஒன்றும் குறையவில்லை” என்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் தமிழில் நகலெடுத்து வைக்க வேண்டாம்.

முதலில் சத்தம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். நாற்கரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன காரில் எஞ்சினைவிட டயர்தான் அதிகம் கத்துகிறது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பாதை. டயர் சாலையில் பட்டுப் பிரியும்போது எழும் ஓசை, 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அதில் ஓங்கி நிற்கும். இது காற்று வழியாக, கதவிடுக்கு, கண்ணாடி, தரை என்று புகுந்து வருகிறது. இன்னொன்று டயரின் அதிர்வு. அது அச்சு, சஸ்பென்ஷன் வழியாக ஏறி, தரைத் தகரத்தையும் டிக்கித் தகரத்தையும் அதிரவைத்து ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றில் கேட்கிறது. இவற்றுக்குக் காற்றுவழி இரைச்சல், உடல்வழி இரைச்சல் என்ற இரண்டையும் முன்மொழிகிறேன். ‘பாடி’ என்று பட்டறையில் சொல்வதற்கு ‘உடல்’ நேராகவே பொருந்துகிறது.

ஒலி என்றோ சத்தம் என்றோ போடாமல் இரைச்சல் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. காருக்குள் பாட்டும் ஒலிதான், பின்னால் வரும் ஆம்புலன்சின் சைரனும் ஒலிதான். குறைய வேண்டியது இரைச்சல் மட்டுமே. மழைக்கும் கடலுக்கும் காற்றுக்கும் நாம் சொல்லும் சொல் அது. விடாமல் ஒரே சீராக வருவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ஆகவே முழு வேலைக்கும் பொதுப்பெயராக இரைச்சல் தணிப்பு என்று வைக்கலாம். இலக்கணப்படி ‘இரைச்சற்றணிப்பு’ என்று புணர்த்த வேண்டும் என யாரும் கிளம்ப வேண்டாம், தயவுசெய்து. பிரித்தே எழுதுவோம், படிப்பவர் மெக்கானிக்காகவும் இருப்பார்.

> அதிர்வை அடங்கவைக்கும் டேம்பிங்குக்குப் பள்ளிப் பாடநூலில் ‘தடையுறு அலைவு’ என்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே.

இயற்பியல் வகுப்புக்கு அது சரி. ஆனால் அங்கிருந்து கிளம்பி, கையில் பிடிக்கிற பொருளுக்குப் பெயர் செய்ய முடியவில்லை. ‘தடையுறுத்தித் தாள்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடையுறுகிறது.

வெண்கலப் பானையைத் தட்டிவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் ஓசை பட்டென்று அடங்கும். காரின் தகரத்தில் ஒட்டும் பியூட்டைல் தாள் செய்வதும் அதேதான். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிசுபிசுப்பான ரப்பர், அதன்மேல் அலுமினியப் படலம். தகரம் வளைந்து நெளியும்போது இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த இழுவையில் அதிர்வு ஆற்றல் சிறிதளவு வெப்பமாக மாறிவிடுகிறது. அலுமினியம் அழகுக்காக அல்ல. அது இல்லாவிட்டால் ரப்பரும் தகரத்தோடு சேர்ந்து ஆடிவிட்டுப் போகும். ஆகவே அடங்கு, அடக்கு என்ற வினையிலிருந்து அதிர்வடக்கம், அந்த வேலையைச் செய்வது அதிர்வடக்கி, கடையில் வாங்குவது அதிர்வடக்கித் தாள். ஒட்டிய பிறகு தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்றிருந்தது ‘தொப்’ என்று கேட்கும். சொல்லின் பொருள் காதிலேயே விளங்கிவிடும்.

ஷாக் அப்சார்பரோடு குழம்பும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. உண்மையில் சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்; அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதுவும் ஓர் அதிர்வடக்கிதான். தாள் என்று சேர்த்துச் சொன்னால் இது வேறு, அது வேறு என்று தெரிந்துவிடும்.

கையேட்டில் இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுவேன்: தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. அகலமான, தட்டையான பகுதியின் நடுவில் கால் பங்கு ஒட்டினாலே பெரும்பயன் வந்துவிடும். மாருதி 800 போன்ற பழைய சின்ன காரின் எடையே 650 கிலோ அளவுதான். அதில் மேலும் மேலும் சுமை ஏற்றுவதில் அர்த்தமில்லை. தாரால் செய்த மலிவான தாள் நம் ஊர் சித்திரை வெயிலில் இளகி நாறும் என்பதையும் சொல்ல வேண்டும்.

> ‘ஒலியுறிஞ்சி’ என்று ஒரே சொல்லாக எல்லாவற்றுக்கும் வைத்தால் எளிமை.

எளிமைதான், ஆனால் இங்கேதான் நான் விடாப்பிடியாக நிற்கிறேன். உறிஞ்சுவதும் தடுப்பதும் ஒன்றல்ல. நுரை, கம்பளி, நெகிழி இழைப் பஞ்சு போன்றவற்றின் நுண்துளைகளுக்குள் காற்று ஓடி உரசி, ஒலி வலுவிழக்கிறது. இவையே ஒலியுறிஞ்சி. இவற்றின் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை நெருங்க நெருங்கத்தான் நன்றாக உறிஞ்சும். 1000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், கால் பங்கு 8.5 சென்டிமீட்டர். 200 ஹெர்ட்ஸுக்கோ அது 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு சென்டிமீட்டர் நுரையை ஒட்டிவிட்டு அடிவயிற்று ‘ம்ம்ம்’ போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

நுரையிலும் இரண்டு வகை: திறந்த கண்ணறை நுரை, மூடிய கண்ணறை நுரை. கண்ணறை என்பது உயிரியலில் செல்லுக்கு நாம் பழகிய சொல், இங்கேயும் அழகாகப் பொருந்துகிறது. இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவை அமைத்திருக்கிறார்கள். திறந்த கண்ணறை நுரையை அங்கே வைத்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கதவைத் துருப்பிடிக்க வைக்கும். அந்த வடிதுளைகளை அதிர்வடக்கித் தாளால் மூடினாலும் அதே கதிதான்.

மூன்றாவது, ஒலியைக் குறுக்கே நின்று மறிப்பது. கனம் ஏற்றிய வினைல் விரிப்பு இந்த வகை. கனம்தான் இங்கே கணக்கு: எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ என்பது வழக்கமான விரிப்பு. இடைவெளியே இருக்கக்கூடாது. பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. இதற்கு ‘ஒலித்தடை’ என்று சொல்லியிருந்தார்கள். அது ஒலிபெருக்கிக்கு விதித்த தடை உத்தரவு போலக் கேட்கிறது. மேம்பாலங்களின் ஓரத்தில் ஒலித்தடுப்புச் சுவர் இருக்கிறது, போலீஸ்காரர் வைக்கும் தடுப்பும் இருக்கிறது. ஆகவே ஒலித்தடுப்பு, ஒலித்தடுப்பு விரிப்பு. தடுப்பு என்றால் ஓட்டையில்லாமல் நிற்க வேண்டும் என்பது யாருக்கும் சொல்லாமலே புரியும்.

> டயர் மாற்றினால் போதாதா, இவ்வளவு எதற்கு?

கேள்வி இழைக்கு வெளியே போனாலும் நல்ல கேள்வி. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு தாள் ஒட்டுவது வீண் செலவு. முதலில் டயரைத்தான் பார்க்க வேண்டும். கையேட்டுக்கு இதிலும் ஒரு சொல் தேவைப்படுகிறது. டயருக்குள் இருக்கும் காற்று ஒரு வளையம். 13 அங்குலச் சக்கரத்தில் 145/80 டயர் என்றால் அந்த வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.4 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், வகுத்தால் 240 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ரீங்காரம். பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது ‘டொய்ங்’ என்று கேட்பதில் இதற்கும் பங்குண்டு. டயர் உள்வெளி ஒத்ததிர்வு என்று போடலாம். ஒத்ததிர்வு, ரெசனன்ஸ் என்பதற்குப் பாடநூலில் நிலைபெற்ற சொல். ‘உருளிப்பட்டை’ என்று டயரைத் தமிழாக்க விரும்புவோர் கோபித்துக்கொள்ள வேண்டாம், பட்டறையில் டயர் டயர்தான்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. ஒலித்தடுப்பு விரிப்பு நேரடியாகத் தகரத்தைத் தொட்டால் தகரத்தின் அதிர்வு அதற்கும் தாவிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே மூடிய கண்ணறை நுரையை வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு டீகப்ளர் என்று பெயர். ‘பிணைப்பு நீக்கி’ என்று போட்டால் ரயில் பெட்டியைக் கழற்றுகிற கருவி போல இருக்கிறது. ‘இடைமெத்தை’ என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவற்றில் மறுப்பு இல்லையென்றால் கையேட்டில் ஏற்றிவிடலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?