‘உட்புறக் கால்பகுதி’ வேண்டாம்: மார்பகக் கட்டியின் இடத்தைச் சொல்லும் சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க் கையேட்டுக்கான சொற்பட்டியலில், மார்பகத்தை நான்காகப் பிரித்துக் கட்டி எந்தப் பகுதியில் (quadrant) உள்ளது என்று குறிக்க, ‘உட்புற மேல் கால்பகுதி’, ‘வெளிப்புற மேல் கால்பகுதி’ ஆகிய சொற்கள் ஏறத்தாழ முடிவாகிவிட்டன. அவற்றைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதைக் காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன்.

சென்ற மாதம் பள்ளத்தூரில் எங்கள் உறவில் ஓர் ஆச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டாலையில் உட்கார்ந்திருந்தவர், மருத்துவமனையில் கொடுத்த தமிழ்த் தாளை மடித்து மடித்துக் கிழியும் நிலையில் வைத்திருந்தார். “உள்ளுக்குள்ள போயிருச்சாப்பா? காலுக்கும் இறங்கிருச்சுன்னு போட்டிருக்கே” என்று கேட்டார். தாளில் இருந்தது ‘இடது மார்பகம், உட்புற மேல் கால்பகுதி’ என்ற ஒரே வரிதான். கட்டியோ சிறியது, தோலுக்குச் சற்றுக் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில் இருந்தது. இரண்டு இரவுகள் அவர் தூங்கவில்லை. அது நோயால் வந்த துன்பமன்று, சொல்லால் வந்த துன்பம்.

அவர் படித்ததில் பிழை இல்லை. முகப்பைக் கடந்து வளவு, வளவைக் கடந்து இரண்டாங்கட்டு என்று போகும் வீட்டில் வாழ்கிறவருக்கு ‘உள்’ என்பது ஆழம். உள்ளே போகப் போக வாசலிலிருந்து தொலைவு கூடும். உடற்கூற்றியலார் சொல்ல வருவது ஆழத்தையன்று, உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தை. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், நோயாளி தமக்கு அச்சம் தரும் பொருளைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார். ‘கால்பகுதி’ கணிதப் பாடநூலில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் உடலைப் பற்றிப் பேசும் தாளில் கால் என்றால் கால்தான்.

கட்டி எங்கே இருக்கிறது என்பது வெறும் முகவரி என்றால் நான் இவ்வளவு மன்றாட மாட்டேன். மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதி, அக்குளை ஒட்டிய மேற்பக்கத்தில்தான் தோன்றுகிறது. சுரப்பித் திசு அங்கே மிகுதி என்பதே அதற்குப் பெரிதும் காரணம். மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் (lymph nodes) போய்ச் சேர்கிறது. ஆனால் நடுநெஞ்சை ஒட்டிய பக்கத்தில் தோன்றும் கட்டியிலிருந்து ஒரு பங்கு, மார்பெலும்பின் ஓரமாக விலா இடைவெளிகளுக்குப் பின்னே மறைந்திருக்கும் கணுக்களுக்கும் வடியலாம். அறுவையின்போது வழக்கமாக எடுத்துச் சோதிப்பது அக்குளின் காவற்கணுவை (sentinel node), அதாவது நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவைத்தான். எனவே அக்குள் தூய்மையாக இருக்கிறது என்ற முடிவு, இந்தப் பக்கத்துக் கட்டிக்கு அதே அளவு உறுதியைத் தருவதில்லை. கட்டியின் அளவும் அக்குள் கணுக்களின் நிலையும் ஒத்திருந்தும், நடுநெஞ்சுப் பக்கத்துக் கட்டிகளின் நோய்ப்போக்கு சற்றே மோசமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் கண்டதற்கு இதையே காரணமாகக் கருதுகிறார்கள். 4004 பெண்களைச் சேர்த்து 2015-இல் முடிவு வெளியிட்ட ஐரோப்பியக் கதிர்வீச்சு ஆய்வு, நடுவிலோ நடுநெஞ்சுப் பக்கத்திலோ கட்டி உள்ளவர்களை, அக்குளில் நோய் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்டது. கதிர்வீச்சை எதுவரை நீட்டுவது என்ற கேள்வியில் இடத்துக்கும் பங்கு உண்டு என்பதால் இச்சொல்லில் குழப்பம் கூடாது.

அதே சமயம் இடத்துக்குரிய எடையை மிகைப்படுத்தியும் எழுதக் கூடாது. கட்டியின் அளவு, கணுக்களின் நிலை, உயிரணுக்களின் தரநிலை, ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 (HER2) என்னும் புரதம் ஆகியவற்றின் முன் இடம் சிறிய காரணியே. நோயின் நிலையை வகுக்கும்போது கட்டி மார்பகத்தின் எந்தப் பகுதியில் உள்ளது என்பது கணக்கில் வருவதே இல்லை. ஆனால் மார்பெலும்போரக் கணுக்களில் நோய் தெரிந்தால் அது கணக்கில் வரும்.

இனி மாற்றுச் சொற்கள். ஆச்சிக்குப் புரியவைக்க நான் தடுமாறியபோது அவரே, “தாலிச் சங்கிலி தொங்குற பக்கமா, கக்கத்துப் பக்கமா?” என்று கேட்டார். உள்ளும் வெளியும் இன்றி, கைவைத்துக் காட்டக்கூடிய இரண்டு அடையாளங்களால் அவர் அதைத் தீர்த்துவிட்டார். தாலி எல்லாப் பெண்களுக்கும் உரியதன்று, இந்நோய் அரிதாக ஆண்களுக்கும் வருவது. ஆகவே அதைச் சொல்லாக்க முடியாது. முதலில் ‘நெஞ்சுப்பக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். அதைப் படித்த செவிலியர் ஒருவர், மார்பகத்துக்குப் பின்னால் நெஞ்சுச் சுவரை ஒட்டிய பக்கமா என்று கேட்டார். பழைய ஆழக் குழப்பமே திரும்பிவிட்டது. எனவே ‘நடுநெஞ்சுப் பக்கம்’, ‘அக்குள் பக்கம்’ என்பன என் பரிந்துரை. கால்பகுதிக்குக் ‘கூறு’ போதும். நடுநெஞ்சுப் பக்க மேற்கூறு, அக்குள் பக்கக் கீழ்க்கூறு என்று நான்கும் எளிதாக அமைகின்றன. நான்கு என்ற எண்ணுக்குக் கட்டுப்படாததால் காம்பைச் சுற்றிய ஐந்தாவது பகுதியையும் இச்சொல் ஏற்கும்; அதை ‘நடுக்கூறு’ என்னாமல் ‘காம்படிக் கூறு’ என்றால் நடுநெஞ்சோடு குழம்பாது.

கடிகார மணியால் இடம் குறிக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னது மருத்துவர்களுக்குப் பொருந்தும். எதிரே நின்று பார்க்கும் மருத்துவருக்கு இடது மார்பகத்தின் அக்குள் பக்க மேற்கூறு 2 மணி; கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு அதுவே 10 மணி. வலது மார்பகத்தில் இது தலைகீழ். நோயாளிக்கான தாளில் மணியைத் தனியாக எழுத வேண்டாம்.

‘முன்கணிப்பு’ (prognosis) என்பதற்கு மேலே நான் ‘நோய்ப்போக்கு’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் கணிப்பது சாதகத்தை. மருத்துவர் கணித்தார் என்றால் விதியை எழுதிவிட்டார் என்று கேட்கிறவர்கள் உண்டு.

அக்குளுக்குள் நீண்டு செல்லும் மார்பகத் திசுவுக்கு ‘அக்குள் வால்’ என்று பட்டியலில் உள்ளது. ‘அக்குள் நீட்சி’ என்று மாற்றலாமா? இரு கூறுகளின் எல்லையில் அமர்ந்த கட்டிக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘கூறு கடந்த கட்டி’ என்றால் நோய் பரவிவிட்டது போலத் தொனிக்கிறது. வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.