மறு: ‘மேஜிக் ஆர்ம்’ – பூட்டுக்கை என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படப்பிடிப்பில் கேமரா முதலிய கருவிகளை வேண்டிய கோணத்தில் பிடித்துவைக்கும் ‘மேஜிக் ஆர்ம்’ என்ற கைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று தொடங்கிய இந்த விவாத இழை நன்றாகவே நீண்டுவிட்டது. மாயக்கை, மந்திரக்கரம், நெகிழ்கரம், பல்மூட்டுப் பிடிப்பான், இறுக்குகை, உடும்புக்கை என்று ஆளுக்கொன்றாகச் சொல்லியிருக்கிறோம். என் பங்குக்கு ‘பூட்டுக்கை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்பதிலேயே நமக்குள் இரண்டு மூன்று கருத்துகள் ஓடுகின்றன. அதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் பெயர் வைப்பதில் பயனில்லை.

பொருளை முதலில் பார்ப்போம். இரண்டு குட்டையான உலோகக் குழாய்கள். அவை சேரும் இடத்தில், முழங்கையாக, ஒரு கீல் மூட்டு. இரண்டு முனைகளிலும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த அதே பந்துக் கிண்ண மூட்டு. முழங்கையில் ஒரு பெரிய குமிழ் இருக்கும். சில வகைகளில் குமிழுக்குப் பதில் நெம்பு. குமிழைத் தளர்த்தினால் மூன்று மூட்டுகளும் ஒரே நேரத்தில் தளரும். இறுக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் இறுகும். குழாய்களுக்குள்ளே தள்ளுகம்பிகள் ஓடுகின்றன. குமிழைத் திருகும்போது நடுவிலிருந்து அவை இரு பக்கமும் வெளியே தள்ளப்பட்டு, முனையில் இருக்கும் பந்துகளைக் கிண்ணத்தோடு சேர்த்து அழுத்துகின்றன. பிடித்து வைப்பது முழுக்க உராய்வுதான். அதனால்தான் அந்தப் பந்தில் எண்ணெய் விடக்கூடாது என்பார்கள். கரகரவென்று திரும்புகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு சொட்டு விட்டால், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கேமரா மெல்லத் தலைகுனியும்.

‘மேஜிக் ஆர்ம்’ என்பது இத்தாலியின் மான்ஃப்ரோட்டோ நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த வணிகப் பெயர். இன்று யார் செய்த கையையும் படப்பிடிப்புத் தளத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு வணிகப் பெயரை மொழிபெயர்த்து ‘மாயக்கை’ ஆக்குவதால் நமக்கு என்ன கிடைக்கும்? ஒரு விளம்பரத்துக்குத் தமிழ் உரை எழுதியதாகத்தான் ஆகும். பேய்க்கதைத் தலைப்பு மாதிரியும் இருக்கிறது. மந்திரக்கரத்துக்கும் இதே பதில்தான்.

‘நெகிழ்கரம்’ சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு பொருளுக்குப் போகவேண்டிய சொல். நெகிழ்வது மைக்குக்கும் மேசை விளக்குக்கும் வருகிற, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் அந்தப் பாம்புக் குழாய். நம் கருவியில் எதுவும் நெகிழ்வதில்லை. எலும்பு எலும்பாகவே இருக்கிறது, மூட்டுதான் திரும்புகிறது.

‘பல்மூட்டுப் பிடிப்பான்’ பொருள் அளவில் தவறில்லை. ஆனால் மூட்டுகள் பல இருப்பது இதற்கு மட்டும் உரிய குணமா? இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் உருவாக்கிய ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கார்களின் சஸ்பென்ஷன் வேலை பார்த்த பொறியாளர். அந்த விளக்கிலும் மூட்டுகள் பல உண்டு. ஆனால் அது ஸ்பிரிங்குகளின் இழுவிசையால் எடையைச் சமன்செய்து நிற்கிறது. கையால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும், எதையும் திருகி இறுக்க வேண்டியதில்லை. இன்று பாட்காஸ்ட் செய்பவர்கள் மேசையில் மாட்டும் மைக் கைகளில் பலவும் அந்த வம்சம்தான். அதற்கு ‘சமன்கை’ பொருத்தமாக இருக்கும். நாம் பேசுகிற கை சமன்செய்வதில்லை. அது பூட்டிக்கொள்கிறது. அந்தக் குணம் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம் முழுவதும்.

உடும்புக்கைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் உடும்புப்பிடி என்றால் விடாப்பிடி. இந்தக் கையின் சிறப்போ ஒரே திருகில் விட்டுவிடுவது. உடும்பு என்ற பெயருக்குத் தகுதியானது கைக்குக் கீழே குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளாம்ப். மான்ஃப்ரோட்டோவின் 035 எண் சூப்பர் கிளாம்ப் 13 முதல் 55 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள குழாயைக் கவ்வும், 15 கிலோ தாங்கும். அதே நிறுவனத்தின் கையோ 3 கிலோதான் தாங்கும். கிளாம்பின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கைக்கும் அவ்வளவு ஏற்றினால் கதை முடிந்தது. அதனால்தான் கை வேறு, கவ்வி வேறு என்று பெயரிலேயே பிரித்துவைக்க வேண்டும் என்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததில்தான் ‘சரிசெய்யத்தக்க இறுக்குப்பிடிக் கரம்’ மாதிரி நீளமான சங்கதிகள் வந்தன. கிளாம்புக்கு எழுத்தில் ‘கவ்வி’ என்றும், பேச்சில் செல்லமாக உடும்பு என்றும் இருக்கட்டுமே.

சரி, ‘கை’ பகுதிக்கு எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஒப்புமை மேலோட்டமானதும் அல்ல. ஒவ்வொரு பந்து மூட்டும் மூன்று விதமாகத் திரும்பும், நடுக்கீல் ஒரு விதம், ஆக மொத்தம் 7. ஒரு பொருளை விரும்பிய இடத்தில், விரும்பிய கோணத்தில் நிறுத்த 6 போதும். மிச்சமிருக்கும் அந்த ஒன்றினால்தான், கேமராவை அசைக்காமல் முழங்கையை மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே ஒதுக்கிவிட முடிகிறது. நம் கையிலும் இதே கணக்குதான்: தோளில் 3, முழங்கையில் 1, முன்கையும் மணிக்கட்டும் சேர்ந்து 3. உள்ளங்கையை மேசையில் ஊன்றி, தோளையும் அசைக்காமல், முழங்கையை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ‘கை’ சேர்க்கும்போது ஒரு இலக்கணக் கண்ணி இருக்கிறது. வருகை, செய்கை, வாழ்க்கை, சேர்க்கை என்று தொழிற்பெயர் விகுதியாகவும் ‘கை’ வருகிறது. அதனால் ‘இறுக்குகை’ என்று எழுதினால் இறுக்கும் செயல் என்றுதான் வாசகர் படிப்பார். ‘பூட்டுகை’ என்று எழுதினாலும் அதே தொல்லைதான். வினைத்தொகையில் வல்லின ஒற்று மிகாதே, ஊறுகாய், சுடுகாடு எல்லாம் அப்படித்தானே என்று நம் இலக்கண நண்பர் கேட்பார், தெரியும். ஆனால் நான் பூட்டை இங்கே வினையாக எடுக்கவில்லை. பூட்டு என்ற பெயர்ச்சொல், பூட்டை உடைய கை. ‘பூட்டுக்கடை’ என்பதில் ஒற்று மிகுவது போலவே இதிலும் மிகும். அந்த ஒரு ‘க்’ செயலையும் பொருளையும் பிரித்துவிடுகிறது. பேசும்போதும் காதுக்கு வேறுபாடு தெரிகிறது. எனவே ஒற்றை விட்டு எழுதக்கூடாது என்று அகராதிப் பதிவிலேயே குறித்துவிடலாம்.

பூட்டு என்றதும் திண்டுக்கல் பூட்டும் சாவியும்தான் நினைவுக்கு வரும், அது குழப்பாதா என்று ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் பூட்டு என்ற சொல்லின் எல்லை அலமாரிக் கதவோடு நிற்பதில்லை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். மற்போரிலும் வர்மத்திலும் எதிராளியின் மூட்டை அசையவிடாமல் செய்யும் பிடிக்குப் பூட்டு என்றே பெயர். ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது, சேர்த்ததை அசையாமல் நிறுத்துவது ஆகிய இரண்டு பொருளும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தக் கருவி செய்வதும் அந்த இரண்டைத்தான். நம் இலங்கை நண்பர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. தமிழ்நாட்டில் ‘எஞ்சினைக் கழட்டி மாட்டினோம்’ என்றால் அங்கே ‘கழட்டிப் பூட்டினம்’ என்பார்கள்.

தளத்தில் வாயில் நுழையுமா என்பது அடுத்த கேள்வி. ‘ரெண்டு பூட்டுக்கை எடு’, ‘பூட்டுக்கையை அந்தக் குழாயில போடு’. நாக்கு தடுக்கவில்லை. இன்னொரு வசதியும் உண்டு. மூன்று மூட்டும் ஒரே சமயத்தில் தளர்வதால், குமிழைத் தொடும் முன் மறு கையால் கேமராவைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கேமரா அரை மீட்டர் நீட்டிய கையின் நுனியில் இருந்தால், விழும்போது அது வேகமாகவே விழும். ‘பூட்டை எடுக்கிறேன், கேமராவைப் பிடி’ என்பது உதவியாளரிடம் யோசிக்காமல் சொல்லக்கூடிய வாக்கியம்.

கேமரா, படம், ஒளி போன்ற சொற்களைப் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதையும் வலியுறுத்துகிறேன். கோவை லேத் பட்டறைகளில் நுண்ணிய அளவு பார்க்கும் டயல் கேஜைப் பிடித்துவைக்க, காந்த அடித்தளத்தின் மேல் இதே பொறிமுறையில் ஒரு சின்னக் கை நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் பூட்டுக்கைதான். ‘படக்கருவிக் கரம்’ என்று வைத்துவிட்டால் அந்தப் பட்டறைக்காரருக்கு நாம் இன்னொரு சொல் தேட வேண்டியிருக்கும்.

துணைச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவ்வியின் வாய்க்குத் ‘தாடை’. கையின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் 16 மில்லிமீட்டர் உருளைக் குச்சிக்கு ‘முளை’. மாட்டைக் கட்ட முளை அடிப்பது என்று இன்றும் கிராமத்தில் சொல்கிறார்களே, அதே முளை. தட்டையான பலகையைக் கவ்வுவதற்காகத் தாடைக்குள் செருகும் முக்கோணத் துண்டுக்கு ‘ஆப்பு’ என்பதைவிடச் சரியான சொல் கிடையாது. தளத்தில் யாராலும் சிரிக்காமல் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஆனாலும் இருக்கட்டும் என்கிறேன்.

விக்சனரி என்ற இணைய அகராதிக்கு என் வரைவு இது:

பூட்டுக்கை (பெ.) – இரு முனைகளிலும் பந்து மூட்டும் நடுவில் கீல் மூட்டும் கொண்டு, ஒரே குமிழாலோ நெம்பாலோ எல்லா மூட்டுகளையும் ஒருங்கே இறுக்கவும் தளர்த்தவும் தக்க, கேமரா முதலிய கருவிகளைத் தாங்கும் கை.

மூட்டுக்கு மூட்டு தனித்தனித் திருகு வைத்த மலிவான வகைகளும் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவற்றையும் இதே பெயரில் சேர்ப்பதா, ‘தனிப்பூட்டுக்கை’ என்று பிரிப்பதா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. சேர்த்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் வரைவில் ‘ஒரே’, ‘ஒருங்கே’ இரண்டையும் எடுக்க வேண்டியிருக்கும். தளத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும், மற்றவற்றை நான் திருத்தி அனுப்புகிறேன்.