பழைய கட்டட அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும்: பினாங்கு அனுபவங்கள்

பாயான் லெப்பாஸிலிருந்து:
சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவை ஜார்ஜ்டவுனில் கடைவீட்டுக்குள் இயங்கும் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அஞ்சடியின், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையின், நிலைமை உங்களுக்கே தெரியும். கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், இடையில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், ஆகவே சாலையோரமாகவே அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். வாசலில் இரண்டு படிகள், அவற்றுக்கு மேல் மர நிலைப்படி. நான் நுழைவுச்சீட்டு வாங்கத் திரும்பிய அரை நிமிடத்தில், காவலுக்கு நின்ற இருவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிவிட்டார்கள். நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். ஆனால் நாற்காலி பின்னால் சாய்ந்தபோது அம்மா ஒரு கையால் புடவையைக் கணுக்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மறு கையால் பிடிமானம் தேடிக் காற்றைத் துழாவினார். உள்ளே பீங்கான் மங்குகளையும் நகைப்பெட்டிகளையும் நான் காட்டக் காட்ட, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "திரும்பிப் போகும்போதும் தூக்குவார்களா?"

ஜெலுத்தோங்கிலிருந்து:
எனக்குப் பார்வை மிகக் குறைவு. இதுபோன்ற ஒரு கட்டடத்தில் எல்லாமே கண்ணாடிக்குள் இருந்தன. விளக்கப் பலகையின் எழுத்தோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முற்றத்தில் மட்டும் ஓர் அம்மிக்கல் திறந்தவெளியில் கிடந்தது. குனிந்து தொட்டேன், நடுவில் அரைத்து அரைத்துத் தேய்ந்த குழிவு என் கட்டைவிரலுக்குக் கிடைத்ததும், "தொடாதீர்கள்" என்ற குரல் வந்தது. மழையில் நனைந்து கிடந்த கல் அது.

பிறையிலிருந்து:
முதலில் எழுதியவர் வருந்துவது நியாயமே என்றாலும், படிகளை ஏன் இடிக்கவில்லை என்று கேட்க முடியாது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி அது. முகப்பை நினைத்தபடி மாற்ற இயலாது. மேலும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்துக்குப் பொதுவான அளவு. இரண்டு படிகள் சேர்ந்து 30 சென்டிமீட்டர் என்று வைத்தால் 3.6 மீட்டர் வேண்டும். பெயருக்கேற்ற அகலமுள்ள அஞ்சடியோ ஒன்றரை மீட்டர்தான். அதனால் கழற்றி மாட்டும் சாய்தளத்தை வாசலுக்கு நேராக வைக்காமல் அஞ்சடியின் நீளவாக்கில் வைக்க வேண்டும். அதற்கு அண்டைக் கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் வழிவிட வேண்டும். உடற்பேறு குறைந்தோருக்கான மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்குள் செல்லும் உரிமையைச் சொல்கிறது, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையையும் தனியாகச் சொல்கிறது; மீறுவோருக்குத் தண்டனை மட்டும் அதில் இல்லை. எனவே போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து எத்தனை படிகள், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். தூக்கியே ஆக வேண்டுமானால் கைச்சட்டத்தைப் பிடிக்க விடாதீர்கள், பல நாற்காலிகளில் அது கழன்றுவிடும். கீழே உள்ள கழலாத உலோகச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். என் அனுபவம் சிறியது: என் தம்பியைப் பின்சந்து வழியாக அழைத்துப் போனார்கள், அங்கே படியே இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் மலவாளி எடுக்க வந்தவர்கள் பயன்படுத்திய சந்து அது என்று உள்ளே வழிகாட்டி விளக்கியபோது, அவன் முகம் மாறிவிட்டது.

பாயான் லெப்பாஸிலிருந்து:
படிகளை இடிக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. தொலைபேசியிலும் முன்கூட்டியே கேட்டேன். "பிரச்சினை இல்லை, எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார்கள். அந்த ஆட்கள்தான் தூக்கினார்கள். உங்கள் தம்பியின் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எந்தச் சந்தாக இருந்தாலும் பரவாயில்லையாம், தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகலாம் அல்லவா என்கிறார். அந்த அருங்காட்சியகத்துக்குப் பின்சந்துக் கதவு இருக்கிறதா என்று என்னைப் போய்ப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்.