ஜிம் கட்டக் காசு இருக்கிறது, இசை டீச்சருக்கு இல்லையா? ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போன அனுபவங்கள்

கலிஃபோர்னியா, ஒரு அம்மா:

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரி சூப்பரிண்டெண்டெண்டிடமிருந்து மெயில் வந்தது. (கெட்ட செய்தியை ஏன் எப்போதும் வெள்ளி சாயங்காலம் அனுப்புகிறார்கள்?) அடுத்த வருஷ பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, சில பணியிடங்களைக் குறைக்கிறோம் என்று இரண்டு பத்தி. மூன்றாவது பத்தியில் என் மகளின் இசை டீச்சர் இருந்தார். பெயர் இல்லை, "தொடக்கப்பள்ளி இசை, 1.0" என்று மட்டும். முழுநேர ஆள் ஒருவரை அவர்கள் கணக்கில் 1.0 என்றுதான் எழுதுவார்களாம்.

அதே பள்ளி வாசலில் அப்போது கம்பிவேலி போட்டுப் புது ஜிம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் சிமெண்ட் லாரிக்கு வழி விட்டுத்தான் பிள்ளையை இறக்கிவிட வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

பதினாறு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அதுவரை டிஸ்ட்ரிக்ட்டை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்கூல் போர்டின் கூட்டப் பக்கம் போனதில்லை. வாசலில் ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தால் பேசலாம். மூன்று நிமிஷம் என்று நினைத்து வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு போனேன். கூட்டம் அதிகம் என்று ஆளுக்கு ஒரு நிமிஷமாக்கிவிட்டார்கள். என் முறை வந்தபோது மணி ஒன்பதே முக்கால். பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு. "என் மகள் வயோலா வாசி..." என்பதோடு மைக் நின்றது. போர்டில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அஜெண்டாவில் இல்லாததை அங்கே விவாதிக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவின் பொதுக்கூட்ட விதியான பிரவுன் சட்டம் சொல்வது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இடைவேளையில் டிஸ்ட்ரிக்ட்டின் நிதி அதிகாரியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மடக்கினேன். மனிதர் பொறுமையாகவே சொன்னார். ஜிம் பாண்டுப் பணம். 55 சதவீத வாக்கு வாங்கி எடுத்த கடன். கட்டடத்துக்கும் அதில் வைக்கும் சாமானுக்கும் மட்டும்தான். அதிலிருந்து ஒரு டீச்சருக்குச் சம்பளம் போட்டால் சட்டத்தை மீறியதாகும். டீச்சருக்காக டிஸ்ட்ரிக்ட் பார்சல் டாக்ஸ் (மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி) கொண்டுவரலாம், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அன்னதான உண்டியலில் விழுந்த காசில் தேர் செய்ய முடியாது என்கிற கணக்கு. சரி, புரிந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. வேலையை விட்டு எடுக்கப்போகும் ஆசிரியருக்கு மார்ச் 15-க்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், இறுதி முடிவு மே 15-க்குள். மாநிலத்திலிருந்து எவ்வளவு வரும் என்று ஓரளவு உறுதியாகத் தெரிவது கவர்னரின் மே மாதத் திருத்திய பட்ஜெட்டில். வரவு தெரியாமலே யாரை அனுப்புவது என்று பட்டியல் போட வேண்டியிருக்கிறது. அதனால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க, தேவைக்கு மேலேயே நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

பட்ஜெட் புத்தகத்தையும் இறக்கிப் பார்த்தேன். 1100 என்றால் ஆசிரியர் சம்பளம், 4300 என்றால் பொருட்கள், 5800 என்றால் ஆலோசகர் வகையறா. அந்த 5800-ஐ ஒரு தடவை உற்றுப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

உங்கள் பக்கம் எப்படி?

டெக்சாஸ், ஒரு அப்பா:

சகோதரி, என் கதையில் குற்றவாளி நானே. அப்பாவுக்குச் சதாபிஷேகம் என்று குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். டிசம்பர் லீவோடு சேர்த்து, பொங்கலும் முடித்துவிட்டு வரலாம் என்று இருந்துவிட்டோம். பையன்கள் இருவருக்கும் பத்துப் பத்து நாள் பள்ளி போயிற்று. அட்டெண்டன்ஸ் கிளார்க் அம்மா இரண்டு முறை போன் செய்தார். "பாட்டி தாத்தாவோடு இருப்பதும் கல்விதானே" என்று வசனம் பேசி வைத்தேன்.

மார்ச்சில் பட்ஜெட் ஒர்க்ஷாப்புக்கு ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனார். நாலாவது ஸ்லைடு வருகைப் பதிவு. டெக்சாஸில் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்து மாநிலம் பணம் தருவதில்லை. தினசரி சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதே கணக்கு. அடிப்படைத் தொகை பிள்ளைக்கு 6,160 டாலர், 2019-லிருந்து அசையவே இல்லை. 2025-ல்தான் 55 டாலர் ஏற்றினார்கள். ஐம்பத்தைந்து! அந்த மசோதாவில் வேறு பணமும் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பகுதி ஆசிரியர் சம்பள உயர்வு மாதிரி இன்னதற்கு என்று முத்திரை குத்தி வந்த பணம். எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று வந்தது பெரும்பாலும் அந்த 55தான்.

உட்கார்ந்த இடத்திலேயே போனில் வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்குச் சுமார் 175 நாள் என்று வைத்தால் ஒரு பிள்ளை ஒரு நாள் வராததற்கு 35 டாலர் பக்கம். துல்லியமான சூத்திரம் இதைவிடச் சிக்கல். தோராயம் இது போதும். இரண்டு பையன்கள், பத்து நாள்: 700 டாலர். என் வரிசையில் இன்னும் மூன்று நம்மூர்க் குடும்பங்கள். ஜனவரி முதல் இரண்டு வாரம் ஊரில் இருந்தவர்கள்தான் எல்லோரும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊருக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த முறை ஜூனில் போனோம். டிக்கெட்டில் தீட்டிவிட்டார்கள்.

கலிஃபோர்னியா அம்மா:

அண்ணா, இங்கேயும் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு வருகைதான் கணக்கு. ஆனால் கிளம்புவதற்கு முன்பே "இண்டிபெண்டண்ட் ஸ்டடி" ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பிள்ளை அந்த வீட்டுப்பாடங்களை முடித்துக் கொடுத்தால் வந்ததாகவே கணக்கு வைக்க வழி உண்டு. ஊர்ப் பயணத்துக்கு டிக்கெட் போடும்போதே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நிறைய பேருக்கு இது தெரியாது.

நியூ ஜெர்சி, ஒரு அம்மா:

நம்ம வீட்டுக் கதை பஸ் கதை. இங்க எட்டாவது வரைக்கும் 2 மைலுக்கு மேல, ஹை ஸ்கூல்னா 2.5 மைலுக்கு மேல தள்ளி இருந்தாதான் பஸ் விட்டே ஆகணும்னு விதி. அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு விடறதுக்குப் பேரு "கர்டசி பஸ்". மரியாதைக்குக் குடுத்ததுதானே, கஷ்டம் வந்தா மொதல்ல அதுதான் போகும். எங்க வீடு 1.8 மைல். நடுவுல கொஞ்ச தூரம் நடைபாதையே கிடையாது, புல்லு மேல நடக்கணும்.

எங்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாநில உதவி, அதைப் பிரிக்கற முறைய மாத்தின 2018 சட்டத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் தேஞ்சுட்டே வந்துச்சு. சில ஊருக்கு அதே சட்டத்தால கூடுச்சு, அதையும் சொல்லணும். சரி, சொத்து வரியில சரிக்கட்டலாம்னா வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு உச்சவரம்பு, சில விதிவிலக்கு தவிர. ஊழியர்களோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் மட்டும் அந்த 2 சதவீதத்தப் பாத்தா ஏறுது?

ஏப்ரல் கடைசியில பட்ஜெட் ஹியரிங். கையில போட்டோ எல்லாம் எடுத்துட்டுப் போனேன், அந்தப் புல்லுப் பாதையோட போட்டோ. எனக்கு முன்னாடி பேசினவர் எழுபது வயசுக்கு மேல இருக்கும். நாப்பது வருஷமா அதே வீடு, பிள்ளைங்க எல்லாம் போயாச்சு, பென்ஷன் அப்படியே நிக்குது, வரி மட்டும் ஏறுது, "நான் எங்க போறது?"ன்னு கேட்டார். கோவமாவே இல்ல. அவருக்கப்புறம் நான் எந்திரிச்சுப் போய் பஸ் வேணும்னு கேக்கணும். கேட்டேன். ஆனா வரி ஏத்துங்கன்னு எழுதி வச்சிருந்த வரிய மட்டும் படிக்காம விட்டுட்டேன்.

பஸ் போயிடுச்சு. காசு கட்டினா சீட்டு உண்டுன்னு ஒரு திட்டம் வந்துச்சு, இடம் ரெண்டு நாள்ல தீந்துபோச்சு. இப்போ நாலு வீட்டு அம்மாக்கள் முறை வச்சு கார்ல கூட்டிட்டுப் போறோம். செவ்வாய் என் முறை.

ஹெச்-1பி வேலை விசாவில் இருந்து வரிசையில் நிற்பவர்:

பதினோரு வருஷமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். சொத்து வரி கட்டுகிறேன், போர்டு தேர்தலில் ஓட்டு இல்லை. அதனால் நமக்கு அங்கே என்ன வேலை என்று இருந்தேன். போன பிறகுதான் பார்த்தேன், அட்டையில் பெயரும் எந்தப் பள்ளி என்பதும் மட்டும்தான் கேட்டார்கள். குடியுரிமை கேட்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, குடிமக்கள் அல்லாத பெற்றோருக்கும் பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டு கொடுத்திருக்கிறார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் நமக்கு அந்த ஒரு நிமிஷ மைக்தான்.

வாஷிங்டன் மாநிலம், பள்ளியில் உதவி ஊழியர்:

முதலில் எழுதிய தோழி 1.0 என்று சொன்னார். நான் 0.7. சிறப்புக் கல்வி வகுப்பில் பாரா எஜுகேட்டர்.

கோவிட் நிவாரணமாக நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு மூன்று தவணையில் சுமார் 19,000 கோடி டாலர் வந்தது. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் செலவுக்கு ஒப்பந்தம் செய்துவிட வேண்டும் என்று கெடு. எங்கள் பள்ளி அந்தப் பணத்தில் ஒரு கவுன்சிலரையும் வாசிப்பு ஆசிரியரையும் வேலைக்கு எடுத்தது. ஒருமுறை வரும் பணத்தில் மாதாமாதம் சம்பளமா என்று அப்போதே ஒருவர் கூட்டத்தில் கேட்டார், எல்லோரும் அவரை முறைத்தோம். கெடு முடிந்ததும் இருவரும் போனார்கள். சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்று 1975-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. அந்த அளவை ஒரு வருஷம்கூட எட்டவில்லை. மீதிக்குப் பொதுப் பணத்திலிருந்துதான் கை வைக்கிறார்கள்.

இந்த ஏப்ரலில் என்னை 0.5 ஆக்கினார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பையன் மத்தியானம் பஸ்ஸுக்குப் போகும் முன் ஷூ லேஸ் கட்ட என் கையைத் தேடுவான். இப்போது அந்த நேரத்துக்கு முன்பே நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் அது 0.2.

கலிஃபோர்னியா அம்மா:

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, அக்கா.

எங்கள் கதையின் மிச்சம். மே மாதம் இரண்டு பேர் ஓய்வு பெறுவதாக எழுதிக் கொடுத்தார்கள், மாநிலப் பணமும் பயந்த அளவு குறையவில்லை. இசை டீச்சரின் நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாக மெயில் வந்தது, இந்த முறை செவ்வாய்க்கிழமை காலையில். மகள் குதித்தாள். டீச்சருக்கு வாழ்த்துச் சொல்லப் போனோம். அவர் ஏப்ரலிலேயே பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். "வாடகை கட்ட வேண்டுமே" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அந்த 1.0 இப்போது பட்ஜெட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து ஆள் தேடுகிறார்கள். ஜிம் திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சி இருந்தால் நன்றாக இருக்கும் என்று போன வாரம் பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.