வாடகை மாடியில் கூடினால் அது திருச்சபையா?

பல்லடம் விசுவாசி:
"நீங்க போறது சபை இல்லைங்க, வெறும் ஜெபக்கூட்டம்" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மேலே வாடகை மாடியில் கூடுகிறோம். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களே பாய் விரித்து, கீபோர்டுக்கு ஒயர் இழுத்து வைக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடினால் அவர்கள் நடுவில் இருப்பேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 18:20). மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்தவர்கள் கூடினால் அதுதான் சபை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கருமத்தம்பட்டிக்காரன்:
அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே பாருங்க. தப்பு செய்தவன் யார் சொல்லியும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்கிறார். அப்படியென்றால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் சபைக்கு வேண்டுமல்லவா? பாஸ்டரோடு மனஸ்தாபம் வந்தால் யாரிடம் போவீர்கள்? அடுத்த தெருவில் இன்னொரு மாடிதானே! கத்தோலிக்கர் எங்களுக்குப் பங்குச்சாமி, அவருக்கு மேல் ஆயர், பேதுருவின் வழியில் திருத்தந்தை. திருத்தூதர்கள் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் தொடர்ச்சி இது. அது இல்லாத இடத்தில் நற்கருணை (அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்து) முழுமையாக இல்லை என்பது எங்கள் விசுவாசம்.

ஈரோடு சி.எஸ்.ஐ.:
அண்ணா, நம்ம பக்கத்துக் கதையையும் பார்க்கணும். கோயமுத்தூர், ஈரோட்டில் ஊழியம் செய்தது லண்டன் மிஷன். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் வழி. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், பேராயர் கிடையாது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு ஒன்றாகி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனபோதுதான் பேராயரை ஏற்றார்கள். அதற்காக ஏற்கெனவே இருந்த போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுக்கவில்லை. முன்பும் அவை திருச்சபைகளே என்றுதானே அர்த்தம்!

ஆனால் பல்லடம் தம்பி, உங்களிடமும் ஒரு கேள்வி. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற எங்கள் பிள்ளை உங்களிடம் வந்தால் மறுபடி முழுக்குக் கொடுக்கிறீர்களே, அப்போது எங்களைச் சபையாக நினைக்கிறீர்களா?

கருமத்தம்பட்டிக்காரன்:
நியாயமான கேள்வி. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தை நாங்கள் திரும்பக் கொடுப்பதில்லை. 1964இல் எங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும், அப்படிப் பெற்றவர்களோடு எங்களுக்கு உறவு உண்டு, அது நிறைவாகவில்லை என்றுதான் சொன்னது.

பல்லடம் விசுவாசி:
விசுவாசித்து எடுப்பதுதான் ஞானஸ்நானம். கைக்குழந்தை எப்படி விசுவாசிக்கும்? எங்கள் கணக்கில் அது மறுபடி இல்லை, முதல் தடவை. இதில் நான் இறங்கி வர மாட்டேன். அப்புறம், பாஸ்டரைக் கேட்க ஆளில்லை என்றீர்கள். மூப்பர்கள் இருக்கிறார்கள், காணிக்கைக் கணக்கை மாதாமாதம் சபையார் முன்னால் வாசிக்கிறார்கள். பாய் விரித்த தம்பியே எழுந்து கேள்வி கேட்கிறான், பாஸ்டர் பதில் சொல்கிறார். நீங்கள் கேட்ட அதிகாரம் எங்களுக்கு அங்கேதான் இருக்கிறது.