பழைய 45 எச்பியா, புது 24 எச்பி மினி டிராக்டரா?

பொள்ளாச்சிப் பக்கம் 6 ஏக்கர் தென்னந்தோப்புங்க. செம்மண், மரத்துக்கு மரம் 25 அடி, சொட்டுநீர்க் குழாய் ஓடுது. ஆடிக்குள்ள டிராக்டர் எடுத்தாகணும்.

பழசு 2014 மாடல், டூ வீல் டிரைவ், 4,800 மணி நேரம் ஓடினது. காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாச்சு, உடனே பிடிச்சுது. ஆனா சூடானதும் ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை தள்ளுது, பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கணும். ஒம்பது கொழுக் கலப்பையைத் தூக்கி வச்சு எஞ்சினை நிறுத்தினா, பத்து நிமிஷத்துல அரையடி இறங்கிருது, கலப்பையைத் தூக்கற லிஃப்டுலயும் கோளாறு போல.

புதுசு ஃபோர் வீல் டிரைவ். டெமோவுல மண்ணைப் பொடியாக்கற 4 அடி ரொட்டேவேட்டரை ஈரமண்ணுல அருமையா இழுத்துச்சு, தாழ்ந்த மட்டைக்கடியிலும் திரும்புச்சு. தேங்காய் லோடோட மேடு ஏறத்தான் திணறுது. எடை கம்மி, இறக்கத்துல டிரைலர் தள்ளுமேன்னு பயமா இருக்குங்க.

பழசை வாங்கி ரிங், லிஃப்ட் வேலை பார்க்கறதா, புதுசை எடுத்து லோடுக்கு மட்டும் வாடகை வண்டி விடறதா, எது சரிங்க?