புதுப்பிப்பு: அந்த ரிகர்ஷன் எரர் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, பைத்தான் நிரல்மொழியில் ஃபேக்டோரியல் கணக்குக்கு (5 என்றால் 5×4×3×2×1) 5 கொடுத்தாலும் ரிகர்ஷன் எரர் வருகிறது என்று? ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) தன்னையே அளவுமீறி அழைத்துக்கொண்டே போனால் வரும் பிழை அது. தப்பு என்னுடையதுதான். "n பூஜ்யமானால் 1 திருப்பு" என்ற வரியை, ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் வரிக்குக் கீழே எழுதியிருந்தேன். அந்த வரியை அது எட்டவே இல்லை. 5, 4, 3 என்று இறங்கிப் பூஜ்யத்தையும் தாண்டி மைனஸில் ஓடியிருக்கிறது. இப்படி அழைப்புக்குள் அழைப்பாகப் போவதற்குப் பைத்தானின் வழக்கமான எல்லை 1000, அதுதான் நிறுத்தியது.

புரிந்தது தண்டையார்பேட்டையில், தண்ணி லாரி வரிசையில். நான் எத்தனையாவது என்று முன்னால் நின்ற அக்காவைக் கேட்டேன். அவர் தனக்கு முன்னால் இருப்பவரைக் கேட்டார். கேள்வி குழாய்வரை போனது. அங்கே நின்ற பாட்டி "நான்தாம்மா மொதோ" என்றதும், ஒவ்வொருவரும் ஒன்று கூட்டிப் பின்னால் சொல்ல, என்னிடம் 14 வந்தது. என் நிரலில் அந்தப் பாட்டியும், தான் முதல் ஆளா என்று பார்க்காமல் முன்னால் யாரையோ கேட்டிருக்கிறார்!

வரியை மேலே மாற்றினேன், 120 வந்தது. அப்புறம் ஆசையில் ஃபிபோனாச்சியும் (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் வரிசை) அதே மாதிரி, தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதினேன். 30 கொடுத்தால் ஃபங்ஷன் 26,92,537 தடவை ஓடுகிறது, கண்ட விடையையே திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டு. விடைகளை, எந்த எண்ணுக்கு எது என்று குறித்துவைக்கும் ஒரு டிக்‌ஷனரியில் சேமித்ததும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.